நூற்றுக்கு மூன்று

1982 மார்ச் பத்தாம் தேதி உலகம் அழிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே கோழி அடித்தார்கள். கிரகங்களெல்லாம் சூரியனுக்கு ஒரு பக்கமாக வந்து கூடப் போகின்றன, அவை சேர்ந்து இழுக்கிற இழுப்பில் பூமி பிளந்துவிடும் என்பது பேச்சு. போகிறதுதான் போகிறோம், தின்றுவிட்டாவது போவோம் என்று எங்கள் தெருவில் ஒரு சேவலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கோயில் தெருவில், அதாவது கிறிஸ்தவர்கள் இருக்கும் தெருவில், சேவல்கள் நிம்மதியாகக் கூவிக்கொண்டிருந்தன. அவர்களுக்குத் தவக்காலம். உலகமே முடிந்தாலும் ஈஸ்டருக்கு முன்னால் கறி கிடையாது என்று ராஜமேரி அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெயர் தீர்த்தகிரி. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ தவறியவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலை கிடைக்காத எரிச்சல் ஒரு பக்கம், ஊரிலேயே நான்தான் படித்தவன் என்கிற திமிர் ஒரு பக்கம். யார் எதைப் பேசினாலும் குறுக்கே விழுந்து திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது.

பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகும் ரோட்டோரம் குள்ளம்மாள் டீக்கடை. அங்கேயும் இதே பேச்சுதான். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வடை மடித்துக் கொடுக்கும் தாளில் கணக்குப் போட ஆரம்பித்தேன். வியாழன்தான் இருப்பதிலேயே பெரிய கிரகம். அதன் நிறை இவ்வளவு, நமக்கும் அதற்கும் தூரம் அறுபத்து மூன்று கோடி கிலோமீட்டர். நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அதன் இழுப்பு தெரிந்துவிடும். விடை வந்தது. பூமி நம்மைக் கீழே இழுப்பது நூறு பங்கு என்றால், வியாழன் மேலே இழுப்பது மூன்று பங்கு.

"ஒன்னும் ஆவாது. அன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் நூத்துக்கு மூணு பங்கு எடை கொறைஞ்சிருப்போம். அவ்வளவுதான். இதுக்குப் போயி கோழிய எல்லாம் அடிச்சித் தின்னுட்டீங்க," என்றேன்.

குள்ளம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "பொருளு எடை கொறைஞ்சா எடக்கல்லும் கொறையுமில்ல தம்பி. அப்புறம் யாருக்கு என்னா லாபம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேட்டது முழுக்கச் சரி, அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. என் கணக்குக்கு ஒரு உபயோகம் காட்டியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சின்னப்பண்ணன் கடைக்குள் வந்தார்.

சின்னப்பண்ணன் ராஜமேரி அக்காவின் வீட்டுக்காரர். கிணறு ஆழப்படுத்துகிற மேஸ்திரி. எங்கள் கிணற்றைப் பாறைக்குள் இருபத்தைந்தடி இறக்கியவர் அவர்தான். பதினாறு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறார், அவருடைய குழியில் ஒரு ஆள் செத்ததில்லை, ஒரு ஆள் ஊனமானதில்லை. காரணம் அவருடைய பிடிவாதம். கல் மேலே போகும்போது அடியில் நாய்கூட நிற்கக் கூடாது. அவருடைய கிரேனில் ஐந்நூறு கிலோவுக்கு மேல் ஒரு கிலோ ஏற்றக் கூடாது.

கிரேன் என்றால் பெரிய வண்டியில்லை. கிணற்று மேட்டில் நிறுத்தி, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் இரும்புக் கயிற்றில் கல் மேலே வரும். சுற்றுவதை நிறுத்தினால் பல்சக்கரம் திரும்பாமல் ஒரு கொக்கி பல்லுக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும். இப்போது அந்தக் கிரேனுக்கு வேறொரு வேலை வந்திருந்தது. கோயிலுக்குப் புது மணி பெங்களூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியிருந்தது. அதை நாற்பதடி உயரத்துக் கோபுரத்தில் ஏற்ற வேண்டும், ஈஸ்டர் பூசைக்கு அடிக்க வேண்டும்.

"ஏத்தியாச்சுங்களா அண்ணே?" என்றேன்.

"எங்க ஏத்தறது. மணி ஐந்நூத்திப் பதினஞ்சு கிலோன்னு பில்லுல போட்டிருக்குது. நம்ம கிரேனுக்கு ஐந்நூறுதான். கம்பைநல்லூர் பச்சியப்பன்கிட்ட ஒரு டன்னு கிரேனு இருக்குது. இருவதாந்தேதிக்கு மேல தரேன்னு சொல்லியிருக்கான்."

"பதினஞ்சு கிலோதானே."

"இன்னிக்குப் பதினஞ்சும்பீங்க, நாளைக்கு முப்பதும்பீங்க. அது ஒத்து வராதுங்க தம்பி."

நான் தாளைப் புரட்டி அவர் எதிரிலேயே போட்டேன். ஐந்நூற்றுப் பதினைந்துக்கு நூற்றுக்கு மூன்று வீதம் பதினைந்தரை கிலோ குறையும். மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதரை. எனக்கே உடம்பு சிலிர்த்தது. கணக்கு அவ்வளவு அழகாக வந்து பொருந்தியதும், இது சரியா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது.

"பத்தாந்தேதி தூக்குங்கண்ணே. உங்க ஐந்நூறுக்குள்ளதான் இருக்கும்," என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. அன்று சாயங்காலம் நான் பஸ் ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தார். கூட்டல் பெருக்கல் மட்டும் தெரிந்த மனுஷன், ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து இது என்ன, இது என்ன என்று கேட்டார். நான் டுடோரியலில் சொல்வதையே சொன்னேன். பூமி தன்னைச் சுற்றி ஒரு பெரிய ஈர்ப்புப் பள்ளத்தை வைத்துக்கொண்டிருக்கிறது, நிறை அதிகமான எதுவும் அப்படித்தான், நாமெல்லாம் பள்ளத்தின் அடியில் குடியிருக்கிறோம். ஒரு பொருளை மேலே ஏற்ற நாம் படுகிற பாடு எங்கேயும் போகாது, நிலை ஆற்றலாக அந்தப் பொருளோடு இருக்கும், இறங்கும்போது அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

"அது எங்களுக்குத் தெரியுமுங்க," என்றார். "கீழ கெடக்கிற கல்லு சும்மாதான் கெடக்கும். மேல ஏற ஏறத்தான் அதுக்குக் கோவம் ஏறும். மேல இருக்கிற கல்லுக்குத்தான் பயப்படணும்."

மூன்று வருஷம் காலேஜில் படித்த எனக்கு அதை அப்படிச் சொல்ல வந்ததில்லை. ஆனாலும் நான்தான் வாத்தியார் என்ற நினைப்பிலேயே பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மனுசன் வாயில சொன்னா யோசிக்கணும். கணக்குன்னா நம்பலாம். பத்தாந்தேதியே வெச்சிக்கலாம். நீங்களும் வந்துடுங்க," என்றார்.

பத்தாம் தேதி புதன்கிழமை. காலை ஏழு மணி வகுப்பை முடித்துவிட்டு பஸ் ஏறுவதாகத் திட்டம். கரும்பலகையில் புவியீர்ப்புக் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை பரீட்சை எழுதப் போகிற காவேரி என்ற பெண் எழுந்தாள்.

"சார், பூமியோட ஆரம் கிலோமீட்டர்ல இருக்குது. மீட்டர்ல மாத்தலீங்களே."

"மாத்தணும்," என்று அழித்தேன். அழித்த கை அப்படியே நின்றது.

வடைத் தாளில் நான் வியாழனின் தூரத்தைக் கிலோமீட்டரிலேயே போட்டிருந்தேன். அறுபத்து மூன்று கோடி. மீட்டரில் என்றால் அதைவிட ஆயிரம் மடங்கு. வர்க்கத்துக்குப் பத்து லட்சம் மடங்கு. அப்படியானால் நூற்றுக்கு மூன்று என்பது பத்துக் கோடிக்கு மூன்று. ஐந்நூற்றுப் பதினைந்து கிலோ மணியில் அது ஒரு அரிசியின் எடைகூட இல்லை. முதல் வருஷம் படிக்கிற பையன் செய்யக்கூடாத தப்பு.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் நியாயம் கண்டுபிடிப்பதற்குச் செலவழித்தேன். பதினைந்து கிலோ ஒரு எடையா, இரும்பு அதற்கெல்லாம் அசையாது, அந்த ஐந்நூறு என்பதே அவராக வைத்துக்கொண்ட ஒரு கணக்குதானே. இதெல்லாம் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் அதற்காக யோசிக்கவில்லை. குள்ளம்மாள் ஒரு வருஷத்துக்கு என்னை வைத்துச் சிரிப்பாள், அதை நினைத்துத்தான் யோசித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. கோயிலுக்கு முன்னால் கிரேனை ஆணியடித்து நிறுத்தியிருந்தார்கள். கோபுரத்து உத்தரத்தில் கப்பி மாட்டி, கயிறு மணி வரை வந்திருந்தது. ஊரே வட்டமாக நின்றது, அழியாமல்தான் நின்றது. ஒரு பக்கக் கைப்பிடியில் சென்றாயன், சின்னப்பண்ணனுடைய ஆள். இன்னொரு பக்கம் அவரே. என்னைப் பார்த்ததும் கைப்பிடியை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"கணக்கு செரிதானுங்களே தம்பி? தூக்கலாமில்ல?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்கு அமையாது. தப்பாகிவிட்டது அண்ணே, இருபதாம் தேதி வரைக்கும் பொறுங்கள் என்று காதோடு சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி நிறுத்தியிருப்பார், என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

"தூக்குங்கண்ணே," என்றேன்.

ஒன்றேகால் மணி நேரம் சுற்றினார்கள். மணி அங்குலம் அங்குலமாக ஏறியது. கோபுரத்துக்கு அடியில் அவர் யாரையும் விடவில்லை. முப்பத்தைந்தடிக்குப் போனதும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். கொக்கி பல்லில் விழுந்தது. சென்றாயன் தண்ணீர் குடிக்க நகர்ந்தான். மேலே கயிறு நேராக இருக்கிறதா என்று சின்னப்பண்ணன் அண்ணாந்து பார்த்தார், வலது கை கைப்பிடியின் மேல் இருந்தது. சட்டென்று ஒரு சின்னச் சத்தம், குச்சி ஒடிகிற மாதிரி. கொக்கி உடைந்துவிட்டது. மணி இறங்கத் தொடங்கியது, கைப்பிடி எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. இரண்டாவது சுற்றிலேயே கைப்பிடி கண்ணுக்குத் தெரியவில்லை. மணி மண்ணில் இறங்கிய அதிர்வு காலில் ஏறியபோது அவர் ஏற்கெனவே கீழே கிடந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அது கை மாதிரியே இல்லை.

கதறிய ராஜமேரி அக்காவைத் தாங்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாள் முழங்கைக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரம் ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேறு என்ன தெரியும் எனக்கு. மணி முப்பத்தைந்தடியில் தொங்கியபோது அதில் இருந்த ஆற்றல் சுமார் ஐம்பத்து நாலாயிரம் ஜூல். வேறு எங்கேயிருந்தும் வந்ததில்லை, ஒன்றேகால் மணி நேரமாக அவரும் சென்றாயனும் சுற்றிச் சுற்றி ஏற்றியது. அவருடைய தோள் கொடுத்த பலம்தான் அதே கைப்பிடி வழியாகத் திரும்பி வந்து அவருடைய கையை எடுத்துக்கொண்டு போனது. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த மாதத்தில் வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உதித்துக் காலை ஒன்பது மணிக்கு மறைகிறது. மணியைத் தூக்கியது பத்து மணிக்கு மேல். என் கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் வியாழன் நம் காலுக்குக் கீழே இருந்திருக்கிறது. மணியை அது கீழேதான் இழுத்திருக்கும்.

ஊரில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கிரகம் பொல்லாதது, ஒரு பலி வாங்காமல் போகாது என்று பேசிக்கொண்டார்கள். படித்த பையன் இழுப்பு இருக்கிறது என்று முன்னாலேயே சொன்னான் என்று எனக்கு மரியாதைகூடக் கூடியது. கிரேனைப் பார்த்த மெக்கானிக், கொக்கியில் பழைய விரிசல் இருந்திருக்கிறது, நானூற்றைம்பது கிலோவுக்கும் உடைந்திருக்கும் என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சென்றாயன் இதை வந்து சொன்னான். எனக்கு அது தேறுதலாக இல்லை. என் தாள் இல்லாவிட்டால் அந்த மணியைச் சின்னப்பண்ணன் அந்தக் கிரேனில் மாட்டியே இருக்கமாட்டார். மண்ணில் விழுந்ததால் மணிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதி கம்பைநல்லூர் கிரேன் வந்தது, ஒரு மணி நேரத்தில் மணி மேலே போய்விட்டது. ஈஸ்டருக்கு அடித்தார்கள். பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும்.

ராஜமேரி அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தியான் கணக்குத்தான் என் வீட்டுக்காரன் கையைத் தின்றது என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான், அந்த ஆளைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவர் வீட்டுக்குப் போனேன். புளி சீசன். சின்னப்பண்ணன் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, புளியம்பழத்தைக் கால் விரலால் பிடித்துக்கொண்டு இடது கையால் ஓடு உரித்துக்கொண்டிருந்தார். சட்டையின் வலது கை மடித்துக் குத்தியிருந்தது.

"வாங்க தம்பி. என்னா ஆளையே காணோம். ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்காவது போய்விடும் என்று பயந்து நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணே, என் கணக்கு தப்புங்க. தூரத்த கிலோமீட்டர்லயே போட்டுட்டேன், மீட்டர்ல போட்டிருக்கணும். நூத்துக்கு மூணெல்லாம் கெடையாது. அன்னிக்கு அந்த மணி ஒரு அரிசி எடைகூடக் கொறையல."

அவர் புளியை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

"ஒரு அரிசி," என்றார்.

"ஆமாங்க."

கையிலிருந்த பழத்தைச் சாக்கில் வைத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சிது உங்களுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக ராத்திரி பகலாக இதற்குத்தான் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். காலையிலேயே தெரியும், பஸ்ஸில் வரும்போது தெரியும், நீங்கள் கேட்டபோது தெரியும். இதில் ஒன்றைச் சொன்னால் போதும். ராஜமேரி அக்கா ஈரக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றார்.

"அப்புறமாத்தான் தெரிஞ்சிது அண்ணே," என்றேன். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது."

அவர் முகம் லேசானது. அதை நான் பார்த்தேன். என் மேல் இருந்த ஒரு சந்தேகத்தை அவர் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார், நான் கொடுத்த பொய்யை வாங்கிக்கொண்டு அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்.

"அப்பறம் உங்க மேல என்னாங்க தப்பு?" என்றார். "தெரியாம நடந்ததுதான. நானும் கொக்கியப் பாத்திருக்கணும், பாக்கல. தெரிஞ்சே ஒருத்தன் பண்ணியிருந்தாத்தான் மனசு ஆறாது. இத வந்து சொல்லணும்னு தோணுச்சே உங்களுக்கு, அதுவே பெருசு." உள்ளே திரும்பினார். "மேரி, தம்பிக்குக் காப்பி போடு."

அக்கா உள்ளே போனார். நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்க முடியாமல் இரண்டு புளியம்பழத்தை எடுத்து உரித்தேன். நாலு வார்த்தையில் இப்போதுகூடச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பழத்துக்கும் அடுத்த பழம் உரித்ததும் சொல்வோம் என்று நினைத்தேன்.

காப்பி வந்தது. டம்ளரை நீட்டும்போது அக்காவின் கண் கலங்கியிருந்தது. மார்ச்சுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு பேசினார்.

"நானும் உங்கள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தம்பி. ஆத்தரத்துல பேசினது. மனசுல வெச்சிக்காதீங்க, மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லக்கா," என்றேன்.